வறட்சி ஆண்டில் அடுக்குமாடிக்குத் தண்ணீர்: ஜனவரியில் தொடங்க வேண்டிய வேலை

சென்னையில் வறட்சி கண்ணுக்குத் தெரிவது மே மாதத்தில். ஆனால் அது முடிவாகிவிடுவது டிசம்பர் கடைசியில். நகரத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பருக்குள் பெய்து முடிகிறது. அது பொய்த்தால் அடுத்து நம்பக்கூடிய பெருமழைக்குப் பத்து மாதம் காத்திருக்க வேண்டும். நடுவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேர இடிமழை வரும். தெருவை நனைக்கும், ஏரியை நிரப்பாது.

2018 இறுதியில் பருவமழை பொய்த்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய குடிநீர் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டுகிடந்தன. நாளுக்குச் சுமார் 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த குடிநீர் வாரியம் 52.5 கோடி லிட்டருக்கு இறங்கியது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதில் இருந்தது 25 லட்சம் லிட்டர். குறைக்கப்பட்ட விநியோகத்திலும் அது இருநூறில் ஒரு பங்குக்குக் குறைவு. வெளியிலிருந்து வரும் உதவியின் அளவு அவ்வளவுதான். மிச்சத்தைக் கட்டடத்துக்குள்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கவும் முடியும், ஆனால் கையில் தண்ணீர் இருக்கும்போதே தொடங்கினால் மட்டும்.

இங்கே எடுத்துக்காட்டாக வைத்திருப்பது 40 வீடுகள், 160 பேர் உள்ள ஒரு குடியிருப்பு. ஒரு சம்ப் (நிலத்தடித் தொட்டி), மொட்டைமாடியில் பொதுத் தொட்டி, ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு), மெட்ரோ (குடிநீர் வாரிய) இணைப்பு, தேவைப்பட்டால் லாரி. உங்கள் எண்ணிக்கையைப் போட்டு எல்லாக் கணக்கையும் மாற்றிக்கொள்ளலாம்.

ஏரிக் கணக்கைப் படிப்பது

குடிநீர் வாரியம் ஏரிகளின் இருப்பைத் தினமும் வெளியிடுகிறது. முழுக் கொள்ளளவு மில்லியன் கன அடியில்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500, வீராணம் 1,465. ஆறும் சேர்ந்தால் 13,222, அதாவது 13.2 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 2,831 கோடி லிட்டர்.

நகரம் நாளுக்கு 100 கோடி லிட்டர் எடுத்தால் ஒரு டி.எம்.சி. 28 நாள் வரும். மீஞ்சூர், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் தரும் பங்கால் ஏரிமேல் விழும் சுமை குறையும். மறுபக்கம், வெயிலில் ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பிலிருந்து 5 மி.மீ. ஆவியானாலே நாளுக்கு 50 லட்சம் லிட்டர் போய்விடும். நம் ஏரிகள் ஆழமற்றவை, பரப்பு அதிகம். அடியில் கிடக்கும் தண்ணீரை மதகு வழியாக எடுக்கவும் முடியாது. இரண்டையும் கூட்டிக்கழித்து ஒரு டி.எம்.சி.க்கு 30 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கணக்குக்கு அது போதும்.

ஜனவரி 1-லிருந்து அக்டோபர் நடு வரை 290 நாள். அதற்கு ஒன்பதரை டி.எம்.சி. வேண்டும். ஜனவரி முதல் வாரத்தில் மொத்த இருப்பு 9-க்கு மேல் என்றால் வழக்கமான ஆண்டு. 5-க்கும் 9-க்கும் நடுவே என்றால் கீழே சொல்லும் அளக்கும் வேலை, கசிவு வேலை இரண்டையும் பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். 5-க்குக் கீழ் என்றால் அந்த வாரமே அசோசியேஷன் கூட்டம் போட்டுப் பங்கீட்டை முடிவு செய்யுங்கள். ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வந்தால் நல்லது, ஆனால் சென்னையில் மழை பொய்க்கும் ஆண்டில் அங்கேயும் இருப்பு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் அளப்பது

மாதம் எத்தனை லாரி வந்தது என்று எல்லா அசோசியேஷனிலும் தெரியும். நாளுக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்பது பெரும்பாலும் தெரியாது. அது தெரியாமல் சிக்கனம் பேசினால் வீட்டுக்கு வீடு சண்டைதான் வரும்.

சம்பின் உள்நீளம், உள்ளகலம் இரண்டையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். 4 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் 12 சதுர மீட்டர். தண்ணீர் மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறினால் 120 லிட்டர். ஓர் அங்குல பி.வி.சி. குழாயில் சென்டிமீட்டர் கோடு போட்டு, அழியாத பெயின்ட் அடித்து, சம்ப் மூடிக்குப் பக்கத்தில் மாட்டிவையுங்கள். மாடித் தொட்டிக்கும் இதே போல ஓர் எண் கண்டுபிடியுங்கள். 2.5-க்கு 2 மீட்டர் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் 50 லிட்டர்.

காவலாளி காலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இரண்டு மட்டங்களையும் நோட்டில் எழுத வேண்டும். மெட்ரோ, லாரி, போர் என மூன்று வழியில் எவ்வளவு உள்ளே வந்தது என்பதையும் தனித்தனியே எழுத வேண்டும். முதல் மூன்று நாளிலேயே ஆளுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கான அளவு ஆளுக்கு 135 லிட்டர். நம் 160 பேருக்கு 21,600 லிட்டர். நோட்டில் 30,000 என்று வந்தால் அதில் கணிசமான பகுதியை யாரும் பயன்படுத்தவே இல்லை, எங்கோ ஒழுகுகிறது என்று சந்தேகப்படுங்கள்.

கசிவைப் பிடிப்பது

இரவுச் சோதனையே போதும். இரவு 11 மணிக்கு மாடித் தொட்டியை நிரப்பி, உள்ளே வரும் வால்வை மூடி, மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை 5 மணிக்கு மறுபடி பாருங்கள். 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 400 லிட்டர். தூக்கத்தில் எழுந்து கழிவறை போனவர்களுக்காக நூறு, நூற்றைம்பது கழித்துவிட்டால் மீதி கசிவு. அடுத்த இரவு ஒவ்வொரு இறங்கு குழாயின் கேட் வால்வையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால் எந்த வரிசை என்று தெரிந்துவிடும்.

சம்புக்குத் தனிச் சோதனை. மோட்டாரை நிறுத்தி, வரும் வழியை அடைத்து, 12 மணி நேரம் விடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் விரிசல் இருக்கிறது. மட்டம் ஏறியிருந்தால் அதைவிடப் பெரிய ஆபத்து: வெளியிலிருந்து ஏதோ உள்ளே ஊறுகிறது. சென்னையில் பல கட்டடங்களில் சம்பும் கழிவுநீர்ச் சேம்பரும் சில அடி தூரத்தில் இருக்கின்றன. அப்படியானால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கொடுக்காமல் நிறுத்திவிட்டு, சம்பைக் காலி செய்து பூச்சு வேலை பார்த்த பிறகே நிரப்புங்கள்.

வீட்டுக்குள் அதிகம் ஒழுகுவது குழாய் அல்ல, ஃபிளஷ் டேங்க். அடியில் உள்ள ரப்பர் வளையம் உப்புத் தண்ணீரில் இறுகிப்போய், சத்தமில்லாமல் நாள் முழுக்கத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். டேங்கில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் பத்துச் சொட்டு விட்டு, 20 நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் பாருங்கள். பீங்கானில் நீலம் தெரிந்தால் வளையத்தை மாற்ற வேண்டும். நாற்பது வீட்டிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை இந்தச் சோதனையை வைத்து, அன்றே பிளம்பரையும் வரவழைத்துவிட்டால் வேலை ஒரே நாளில் முடியும். தனித்தனியே சரிசெய்யச் சொன்னால் மாதக்கணக்கில் இழுக்கும்.

சொட்டும் குழாயை அலட்சியப்படுத்துபவர்களிடம் டம்ளர் கணக்கைச் சொல்லுங்கள். 200 மில்லி டம்ளர் 20 நிமிடத்தில் நிறைந்தால் நாளுக்கு 14 லிட்டருக்கு மேல். ஒருவர் அளவாகக் குளிக்கும் தண்ணீர்.

மாடித் தொட்டி வழிவது இன்னொரு தொல்லை. வழியும் குழாய் பெரும்பாலும் கட்டடத்தின் பின்சுவரில் இறங்கும். யார் கண்ணிலும் படாது. அதை நீட்டி வாசல் கேட் பக்கம் விழும்படி செய்யுங்கள். தானியங்கி சென்சார் போட்டிருந்தாலும் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் உப்புப் படிந்து சென்சார் வேலை செய்யாமல் போவது அடிக்கடி நடக்கும்.

குழாயின் வேகத்தைக் குறைப்பது

ஒரு லிட்டர் மக்கைக் குழாயடியில் வைத்து, ஃபோனில் நேரம் பாருங்கள். 5 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 12 லிட்டர். கைகழுவும் தொட்டிக்கு நிமிடம் 3 லிட்டர் போதும், சமையலறைக்கு 5 அல்லது 6. குழாய் வாயில் மாட்டும் ஏரேட்டர் இதைச் செய்யும். போர்த் தண்ணீரில் அதன் வலை இரண்டு மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும். கழற்றி அரைமணி நேரம் வினிகரில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகும். இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் அடைப்பு வந்ததும் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஏரேட்டர் பொருந்தாத பழைய குழாய்களுக்குத் தொட்டியின் அடியில் இருக்கும் ஆங்கிள் காக் வால்வைப் பாதி மூடினால் போதும், செலவே இல்லை.

ஷவரை மூடிவிட்டு வாளிக்கு மாறுவதில் கிடைக்கும் மிச்சம் பெரியது. நிமிடத்துக்கு 10 லிட்டர் ஷவரில் 7 நிமிடம் குளித்தால் 70 லிட்டர். ஒரு வாளி 18 முதல் 20 லிட்டர்தான்.

பழைய 10 லிட்டர் ஃபிளஷ் டேங்கில் தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை நிற்கவைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிஞ்சும். செங்கல் போடாதீர்கள், ஊறிக் கரைந்து வால்வில் அடைக்கும். இரண்டு பாட்டிலுக்கு மேலும் வேண்டாம். வேகம் குறைந்து கழிவு குழாயில் தங்கிவிட்டால் அடைப்பெடுக்கச் செலவாகும் தண்ணீர், மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகிவிடும்.

பங்கீடு

முதல் படி ஆளுக்கு 100 லிட்டர்: நம் குடியிருப்புக்கு நாளுக்கு 16,000. கசிவை அடைத்து, குழாயைக் குறுக்கினாலே இங்கே வந்துவிடலாம். யாருக்கும் கஷ்டம் தெரியாது. இரண்டாம் படி 75 லிட்டர்: 12,000. கடைசிப் படி 50 லிட்டர்: 8,000. கேப் டவுன் நகரம் 2018 பிப்ரவரியில் ஊருக்கே விதித்த வரம்பு இதே 50 லிட்டர்தான். ஒரு நாளுக்கு அதை இப்படிப் பிரிக்கலாம்: குடிக்க 3, சமைக்க 5, பாத்திரம் 7, குளிக்க 15, துணிக்கு 10, கழிவறைக்கு நல்ல தண்ணீர் 10. கழிவறைக்குப் போதாததைத் துணி அலசிய தண்ணீர் ஈடுகட்டும்.

கைக்குழந்தை, நோயாளி, படுக்கையில் இருக்கும் முதியவர் உள்ள வீட்டுக்கு வரம்பைத் தளர்த்த வேண்டும். இதைக் கூட்டத்திலேயே சொல்லி, நோட்டில் எழுதிவிடுங்கள். சொல்லாமல் செய்தால் பாரபட்சம் என்ற பேச்சு எழும். வீட்டு வேலைக்கு வருபவர்கள், காவலாளி, அவர் குடும்பம் ஆகியோரின் தேவையையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். அவர்கள் வசிக்கும் தெருவில் லாரி வருவது நம்மைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று வால்வைத் திறந்து மூடுவதுதான் எல்லோரும் முதலில் எடுக்கும் முடிவு. அதில் எதிர்பார்க்கும் மிச்சம் கிடைப்பதில்லை. திறந்தவுடன் எல்லா வீட்டிலும் எல்லா வாளியும் நிரப்பப்படும். மறுநாள் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிது பிடிப்பார்கள். தண்ணீர் நின்றபோது திறந்துபார்த்த குழாயை மூட மறந்து வேலைக்குப் போன வீட்டில், மாலை தண்ணீர் வந்ததும் ஒரு மணி நேரம் வீணாக ஓடும். வெறுங்குழாயில் காற்று புகுந்து மேல்தளத்துக்கு ஏறாமல் நிற்கும். மீட்டர் இருந்தால் அது காற்றுக்கும் சுற்றும்.

மீட்டர் நல்ல வழிதான், ஆனால் சென்னை அடுக்குமாடிகளில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு வீட்டுக்குள் ஒரே குழாய் வருவதில்லை. சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று என மாடியிலிருந்து தனித்தனியே இறங்கும். ஆகவே வீட்டுக்கு மூன்று நான்கு மீட்டர் தேவைப்படும். செலவு தாங்காது என்றால் பழைய வழியே சிறந்தது: வீட்டுக்கு ஒரு 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை மாடியில் வைத்து, நாளுக்கு ஒருமுறை ஆள் கணக்குப்படி கோடு வரை நிரப்புவது. அந்த வீட்டுக் குழாய்கள் மூன்றையும் அந்தத் தொட்டியில் இணைத்துவிட வேண்டும். தொட்டி வைக்குமுன் மாடித் தளம் அந்த எடையைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். 40 தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 20 டன். தூண், பீம் மேல் வருமாறு பரப்பி வைக்க வேண்டும். ஒரே மூலையில் அடுக்கக் கூடாது.

லாரித் தண்ணீரை வாங்குவது

லாரி வந்ததும் ஓஸைச் சம்புக்குள் விட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கலங்கல், எண்ணெய்ப் படலம், முட்டை நாற்றம் மூன்றில் ஒன்று இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். பிறகு கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்குங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லாதபோது 2,000 வரை. புழங்குவதற்கு மட்டும் என்றாலும் 2,000-ஐத் தாண்டினால் கீசரும் குழாயும் பழுதாகும். டி.டி.எஸ். மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. 300 காட்டும் தண்ணீரிலும் சாக்கடை கலந்திருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

அளவுக்குச் சம்பில் மாட்டிய அளவுகோல்தான் சாட்சி. மோட்டாரை நிறுத்தி, மெட்ரோ வரும் வால்வை மூடி, மட்டத்தைப் பார்த்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள். நம் சம்பில் 12,000 லிட்டர் லாரி மட்டத்தைச் சரியாக 100 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். 90 தான் ஏறியது என்றால் 1,200 லிட்டர் குறைவு. பில்லில் அந்த அளவை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் அடுத்த முறை குறையாது. நிரம்பும்போது மோட்டார் ஓடினால் இந்தக் கணக்கு செல்லாது. தகராறுக்கு அதுவே முதல் காரணம்.

ஓஸின் முனை தரையில் கிடந்து வந்திருக்கும். உள்ளே விடும் முன் கழுவச் சொல்லுங்கள். சம்புத் தண்ணீரில் முங்காமல் மேலிருந்து விழட்டும்.

மே மாதத்தில் முன்பதிவு நாள்கணக்கில் தள்ளிப்போகும். சம்பில் மூன்று நாள் தேவை, அதாவது கடைசிப் படியில் 24,000 லிட்டர் இருக்கும்போதே அடுத்த லாரிக்குச் சொல்லிவிடுங்கள். சம்பு அவ்வளவு பெரிதில்லை என்றால் பக்கத்துக் குடியிருப்புடன் சேர்ந்து மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்யலாம்.

மெட்ரோ குழாயும் மோட்டாரும்

விநியோகம் குறையும்போது தெருக் குழாயில் அழுத்தம் இருக்காது. அப்போது சிலர் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கிறார்கள். இது சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டுப் பங்கைப் பறிப்பது மட்டுமல்ல, தெருவுக்கே நோயைக் கொண்டுவருவதும் அதுதான். குழாய்க்குள் உறிஞ்சல் உண்டானால் மண்ணுக்கடியில் உள்ள ஒவ்வொரு பழைய மூட்டு வழியாகவும் சுற்றியிருக்கும் கழிவுநீர் உள்ளே வரும். சரியான முறை, தெரு மட்டத்துக்குக் கீழே ஒரு சிறு தொட்டி கட்டி, தண்ணீர் தானாக விழவிட்டு, அங்கிருந்து சம்புக்கு ஏற்றுவது.

இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் காலத்தில் முதலில் வருவதை நேராகச் சம்புக்கு விடாதீர்கள். இரண்டு மூன்று வாளி பிடித்து, நிறமும் நாற்றமும் பார்த்த பிறகு வால்வைத் திறங்கள். பிடித்ததைத் தரை கழுவவோ கழிவறைக்கோ வைத்துக்கொள்ளலாம்.

போரைக் காப்பாற்றுவது

வறட்சியில் போரைத் தொடர்ந்து ஓட்டினால் முதலில் வருவது காற்று, அடுத்து மணல், பிறகு மோட்டார் கருகும். 200 லிட்டர் டிரம்மில் விட்டு நேரம் பாருங்கள். ஓட்டத் தொடங்கியதும் 3 நிமிடத்தில் நிறைந்தது, 40 நிமிடம் கழித்து 5 நிமிடம் ஆகிறது என்றால் உள்ளே ஊறுவதைவிட வேகமாக எடுக்கிறீர்கள். 30 நிமிடம் ஓட்டி இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுங்கள், உள்ளே மட்டம் மீண்டும் ஏறும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானாக நிற்கும் கருவியை ஸ்டார்ட்டரில் பொருத்திக்கொள்ளுங்கள். மட்டம் அளக்க, போரின் வெளிக்குழாயான கேசிங்குக்குள் முக்கால் அங்குலக் குழாய் ஒன்றை இறக்கிவைத்து, அதன் வழியே கயிறு விடுங்கள். நேராக விட்டால் மோட்டார் கேபிளில் சிக்கும்.

திருவான்மியூர், பெசன்ட் நகர், கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே மணலுக்கடியில் நல்ல தண்ணீர் கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு அது உப்பை அழுத்திவைத்திருக்கும். மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறிவரும். அதனால்தான் கடற்கரையில் போரை ஆழப்படுத்துவது உப்பைத் தேடிப்போவதாக முடிகிறது. வாரம் ஒருமுறை டி.டி.எஸ். குறித்துவாருங்கள், 800 இருந்தது 1,200 ஆனால் எடுப்பதைப் பாதியாகக் குறையுங்கள், 1,500-ஐத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். ஒருமுறை ஏறிய உப்பு ஒரே மழைக்காலத்தில் இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

புதிய போர் போட 1987-ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி வேண்டும். வறட்சியின் நடுவில் போர் போட முன்பணம் கேட்பவர்களிடம், பக்கத்துக் கட்டடங்களில் இப்போது மட்டம் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

தேக்கிவைத்த தண்ணீர்

வறட்சியில் டெங்கு வருமா என்று கேட்பார்கள். வரும். வீட்டுக்கு வீடு டிரம்மும் குடமும் திறந்துகிடந்தால் ஏடிஸ் கொசுவுக்கு மழை தேவையில்லை. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடி இல்லாததை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்யும்போது உள்சுவரை நாரால் தேயுங்கள். முட்டை தண்ணீர் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது.

சம்புக்கு பிளீச்சிங் பவுடர்: 1,000 லிட்டருக்கு 2 கிராம் குளோரின் வேண்டும். 33 சதவீதப் பவுடர் என்றால் 6 கிராம். திறந்துவைத்துப் பழசாகி வலு குறைந்தது என்றால் 8 கிராம். ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் விடுங்கள். கடைசித் தளத்துக் குழாயில் குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பால் பார்க்கும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். கலங்கலான தண்ணீரில் குளோரின் அழுக்கிலேயே செலவாகிவிடும். ஆகவே தெளியவிட்ட பிறகே போடுங்கள்.

மட்டம் மிகவும் இறங்கும்போது மோட்டார் உறிஞ்சும் குழாயின் அடியில் உள்ள ஃபுட்வால்வு அடிச்சேற்றை இழுக்கும். அதை அடித்தளத்திலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். சம்பு காலியாக இருக்கும் அந்த வாரமே சுத்தம் செய்ய ஏற்ற நேரம். ஆனால் மூடியைத் திறந்து பல மணி நேரம் காற்றாட விடாமல், மேலே ஆள் நிற்காமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். மூடிக்கிடந்த சம்பில் மூச்சுமுட்டி உயிர் போயிருக்கிறது. இறங்கியவரைத் தூக்கப் போனவரும் அப்படியே விழுந்திருக்கிறார்.

இரண்டாம் முறை பயன்படும் தண்ணீர்

வாஷிங் மெஷினின் வெளியேற்றும் குழாயை 200 லிட்டர் டிரம்மில் விடுங்கள். முதல் சோப்புத் தண்ணீர் கழிவறைக்கு, கடைசி அலசல் தரை துடைக்கவும் அடுத்த முறை துணி ஊறவைக்கவும். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்தால் நாறும். வாழை, கல்வாழை சோப்புத் தண்ணீரைத் தாங்கும். துளசிக்கும் கீரைக்கும் ஊற்ற வேண்டாம். ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டர் வெளியே தள்ளுகிறது. அதைப் பாத்திரத்தின் முதல் அலசலுக்கும் துடைப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம், செடிக்கு உப்பு அதிகம். எதையும் கிணற்றிலோ மழைநீர்க் குழியிலோ விடக் கூடாது.

மே மாதத்தில் மழைநீர் வேலை

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது போட்ட குழி இன்றும் உறிஞ்சுகிறதா என்பதுதான் கேள்வி. 600 சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஆண்டுக்கு 1,300 மி.மீ. பெய்து அதில் 80 சதவீதம் பிடித்தால் 6,24,000 லிட்டர். ஆளுக்கு 100 லிட்டர் படியில் அது 39 நாள், 50 லிட்டர் படியில் 78 நாள்.

நிலத்தடி மட்டம் இறங்கியிருக்கும் மே, ஜூனில்தான் உறைக்கிணறு தோண்டுவது எளிது. ஊற்று குறுக்கிடாமல் ஆழம் போகலாம். 3 அடி விட்டம், 15 அடி ஆழத்துக்குச் சிமென்ட் உறை இறக்கினால் உள்ளே நிற்பது சுமார் 3,000 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் அந்த மாடியிலிருந்து 24,000 லிட்டர் வரும். ஒரு கிணறு எப்படிப் போதும்? குறைந்தது மூன்று வேண்டும். பழைய வெட்டுக்கிணறு மூடிக்கிடந்தால் அதைத் தூர்வாரி இணைப்பதே எல்லாவற்றிலும் சிறந்தது. உறைக்கிணற்றை ஜல்லியால் நிரப்பாதீர்கள். கொள்ளளவு பாதிக்கு மேல் போய்விடும், சுத்தம் செய்யவும் முடியாது. மாடியிலிருந்து வரும் குழாய் முதலில் 2 அடிக்கு 2 அடி வண்டல் தொட்டியில் விழுந்து, வலை வழியாகக் கிணற்றுக்குப் போகட்டும்.

மண் முக்கியம். கடற்கரை மணலில் சாதாரணக் குழியே உறிஞ்சும். களிமண் உள்ள இடத்தில் கிணற்றின் நடுவில் மணல் அடுக்கு வரை 6 அங்குலத் துளை இறக்கினால்தான் தண்ணீர் இறங்கும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை சீக்கிரம் தட்டும். அங்கே அதிகப்படியை வடிகட்டிச் சம்பில் பிடிப்பதே பலன் தரும். கழிவுநீர்ச் சேம்பரிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளித் தோண்டுங்கள். மாடித் தண்ணீரை வடிகட்டாமல் போருக்குள் நேராக விடுவது கூடவே கூடாது. பூமிக்குள் போன அழுக்கை எடுக்க வழியில்லை.

செப்டம்பர் கடைசியில் மாடியைப் பெருக்கி, வண்டல் தொட்டியைக் காலி செய்து, வலையைக் கழுவி மாட்டுங்கள். மணல் வடிகட்டி இருந்தால் மேல் இரண்டங்குலத்தைச் சுரண்டி எடுத்துக் கழுவிப் போடுங்கள். முதல் மழையின் முதல் பத்து நிமிடத்துக்குத் தண்ணீர் வெளியே போகும்படி கேட் வால்வை வைத்து, பிறகு கிணற்றுப் பக்கம் திருப்புங்கள். நேர்ச்சுவரும் தட்டையான அடியும் உள்ள ஒரு டப்பாவை மாடியின் நடுவில் வைத்தால் அதுவே மழைமானி. டப்பாவில் 10 மி.மீ. நின்றால் மாடியிலிருந்து 4,800 லிட்டர் கிணறுகளுக்கு வந்திருக்க வேண்டும். மழை விட்டதும் கிணற்று மட்டத்தை அதே நோட்டில் எழுதுங்கள். மூன்றில் ஒன்று மட்டும் ஏறாமல் நின்றால் அதற்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் எடுத்துவிடுங்கள்.